அஞ்சு றாத்தல்

தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் என்னைச் சந்தித்தால் தொழிலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பார்கள். மூன்றாவதாக இதைக் கேட்பார்கள்: "மாமா, ராகலப் பக்கம் அவ்வளவு நல்லா இருந்த வேலைய ஏன் விட்டீங்க?" கள்ளத் தேயிலை விற்றுப் பிடிபட்டேன் என்று ஒரு கதை உலவுகிறது. துரையைக் கைநீட்டி அடித்தேன் என்று இன்னொன்று. இரண்டாவதை மறுக்கும்போது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருக்கும். நடந்தது இரண்டும் இல்லை. பிள்ளை வளர்க்கப் போனேன். வாயால் சொன்னால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதெல்லாம் பிறகு, கடைப் பலகைகளையும் லொறிகளின் பின்பக்கத்தையும் பார்த்துத்தான். வலப்பனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் மூட்டை சுமந்தேன். றொசல்ல ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டிகளை ரயிலில் ஏற்றினேன். ஒரு லொறியில் கிளீனராக நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் அலைந்தேன். எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலம் முழுதாக இருந்ததில்லை. சண்டை ஒன்றும் இருக்காது. ஒருநாள் காலையில் எழுந்தால் இடம் பிடிக்காமல் போய்விடும், கிளம்பிவிடுவேன்.

ஐம்பதுகளின் நடுவில் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தொழிற்சாலைக்கு விறகு போடும் ஆளாகச் சேர்ந்தேன். அங்கேதான் கால் நின்றது. காரணம் டிரையர். அரைத்துப் பதப்படுத்திய கொழுந்தை வறுத்துத் தேயிலையாக்கும் அந்த இயந்திரத்தின் வெப்பத்தில் நின்றால், வெளியே மூடுபனி எப்படி இருந்தாலும் உள்ளே ஒரு நிம்மதி. ஒரு வருடத்தில் விறகுக்காரனாக இருந்தவன் டிரையர்காரன் ஆனேன். சூடுமானி இருந்தது. அதன் கண்ணாடி புகை படிந்து எப்போதும் மங்கிக் கிடக்கும். தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா அதைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்ப்பார். வெளியே விழும் தேயிலையில் ஒரு பிடி அள்ளி, மூடி, திறப்பேன். நான் தலையாட்டினால் போதும். கண்டிப் பக்கத்துச் சிங்களவர் அவர். எங்களைவிட நன்றாகத் தோட்டத் தமிழ் பேசுவார். "வீரய்யா கைய வெட்டி இங்க மாட்டி வச்சிட்டா மிச்ச ஆளுக்குச் சம்பளமே கொடுக்க வேணாம்" என்பார்.

அந்த வருடக் கடைசியில் தொழிற்சாலைக் கங்காணி வேலையை விட்டுப் போவதாக இருந்தார். அந்த இடத்துக்கு என் பெயரைத்தான் துரையிடம் சொல்லியிருப்பதாக டீமேக்கர் ஐயா சொன்னார். கங்காணி என்றால் லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் இருக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தனி வீடு. இரண்டு அறை, பலகைத் தரை, சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு. பிறந்ததில் இருந்து ஒரே அறையில் புகையோடு வாழ்ந்தவனுக்கு அது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என் மனைவி மாரியாயி அப்போது எட்டு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை. தை பிறப்பதற்கு முன், புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில் பிள்ளை முந்திக்கொண்டது. லயத்திலேயே பிறந்தது. தோட்டத்து மருத்துவச்சியம்மா அவனைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். அப்போதெல்லாம் றாத்தல் கணக்குத்தான், இரண்டு றாத்தல் சேர்ந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"மூணரை றாத்தல் தேறும். அதுக்கு மேல இல்ல."

"பொழைச்சுக்குமா அம்மா?"

"அஞ்சு றாத்தல் வந்துட்டா பயமில்ல. அதுவரைக்கும் சூடு போகாம பாத்துக்கணும். இவனுக்கு இப்ப பாலவிட சூடுதான் முக்கியம்."

சூடு என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. அது என் தொழில் அல்லவா.

மாரியாயிக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் கண்டது. ஒரு நேரம் உடம்பு கொதிக்கும், மறு நேரம் நடுங்கும். மருந்து குடித்துவிட்டு அடித்துப் போட்டதுபோல் தூங்குவாள். அவளுடைய தாய் இன்னொரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். இரண்டு நாள் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் விடிவதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வருவேன். பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பேன். பாலைச் சங்கில் எடுத்து நாலு சொட்டுப் புகட்டுவேன். மறுபடி ஓடுவேன்.

ஒன்பதாம் நாள் பகலும் அப்படித்தான் வந்தேன். மாரியாயி தூக்கத்தில் இருந்தாள். பிள்ளை கம்பளித் துணிக்குள் அமைதியாகக் கிடந்தான். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நல்ல தூக்கம், எழுப்ப வேண்டாம் என்று சங்கைக்கூட எடுக்காமல் கிளம்பினேன். வாசலில் மருத்துவச்சியம்மா எதிரே வந்தார்.

"எப்படி இருக்கான்?"

"நல்லா தூங்குறான் அம்மா."

அவர் உள்ளே போய்த் துணியை விலக்கி, பிள்ளையின் பாதத்தைத் தம் கன்னத்தில் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"தூங்கல. வெறைச்சுக் கெடக்கான்."

"இப்பதான் தொட்டுப் பாத்தேன். சூடாத்தான் இருந்துச்சு."

"கையக் காட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையை விரலால் தட்டிப் பார்த்தார். தோட்டத்தில் எல்லோரும் மெச்சிய கை. கொதிக்கிற தேயிலையை அள்ளி அள்ளித் தோல் காய்த்து, மாட்டுத் தோல்போல ஆகியிருந்தது.

"டிரையர் கை. கொதிச்சாதான் இதுக்குச் சூடு தெரியும். அதுக்குக் கீழ எல்லாம் இதுக்கு ஒண்ணுதான். இத நம்பியா இவ்வளவு நாளும் புள்ளயப் பாத்தீங்க? சட்டையக் கழட்டுங்க."

கழற்றினேன். பிள்ளையின் துணியை எல்லாம் உருவிவிட்டு, வெறும் உடம்பாக என் நெஞ்சில் வைத்து, மாரியாயியின் பழைய சேலையால் சுற்றிக் கட்டினார். அதன்மேல் கம்பளி. ஒரு தவளையை நெஞ்சில் வைத்ததுபோல் சில்லென்று இருந்தது. நெஞ்சுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

"அசையாம உக்காருங்க. நான் சொல்றவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தொழிற்சாலையில் சங்கு ஊதியது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், பதம் வந்த கொழுந்து காத்திருக்காது. அரை மணி நேரம் தாமதித்தால் புளித்துவிடும், பிறகு எந்த டிரையராலும் அதைக் காப்பாற்ற முடியாது. அன்றைக்கு நல்ல கொழுந்து. என்னோடு நிற்கும் சுப்பையா அப்போது டிரையருக்குப் புதியவன், தனியாக ஓட்டிப் பழகாதவன். இதெல்லாம் என் மனதில் ஓடியது. என் கால் இரண்டு முறை எழப் பார்த்தது. மருத்துவச்சியம்மா எதிரே உட்கார்ந்து என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கு ஓய்ந்து வெகுநேரத்துக்குப் பிறகு பிள்ளை ஒரு தும்மல் தும்மினான். பிறகு அழுதான். பூனைக்குட்டி சத்தம்தான், ஆனால் அழுகை.

அன்று மாலை டீமேக்கர் ஐயாவே லயத்துக்கு வந்தார். உத்தியோகத்தரான ஸ்டாஃப் ஆட்கள் லயத்துக்குள் வருவது வழக்கமில்லை. வாசல் நிலை தாழ்வு. குனிந்து உள்ளே வந்தவர் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். நான் பிள்ளையோடு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.

"அந்தக் கொழுந்து பூரா புளிச்சிருச்சு, வீரய்யா."

"தெரியுங்க ஐயா."

"துரைக்கு என்ன சொல்லட்டும்?"

"எம்மேல சொல்லுங்க ஐயா. எனக்கு ஒரு ஒன்றரை மாசம் லீவு வேணும்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வந்ததை மறைத்தார். "ஆம்பளைக்குப் பேறுகால லீவா? பின்னால வந்து பிரசவத்துக்குக் குடுக்குற புள்ளக்காசும் கேப்ப போல."

"லீவு இல்லேன்னா வேலைய விட்டுர்றேன் ஐயா."

"புத்தி இருக்கா ஒனக்கு? ஒரு மாசம் பொறு. அந்த வீடு காலியாயிரும். கணப்பு இருக்கு, பலகத் தரை இருக்கு. ஒம்புள்ளைக்கு அதவிட என்ன வேணும்?"

அவர் சொன்னது நியாயம்தான். அந்த வீட்டை நான் கனவிலேயே நூறு தடவை கூட்டிப் பெருக்கியிருந்தேன். ஆனால் நெஞ்சில் கட்டியிருந்தவன் மூச்சு விடுவதும், இடையிடையே மறந்துவிடுவதும், பிறகு நினைவு வந்து விடுவதுமாக இருந்தான்.

"நான் பொறுப்பேங்க ஐயா. இவன் பொறுக்க மாட்டான்."

அவர் வாசலை நோக்கித் திரும்பினார். "நீ இல்லேன்னா துரை வேற ஆளப் போடச் சொல்லுவாரு. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனார். மறுநாள் காலை வாசலில் ஒரு பெரிய கட்டு விறகு கிடந்தது. நன்றாகக் காய்ந்த, தொழிற்சாலை அளவுக்குத் துண்டு போட்ட விறகு. யார் கொண்டுவந்து போட்டது என்று லயத்தில் யாருக்கும் தெரியவில்லையாம்.

மாரியாயிக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. விடிந்து வெகுநேரம் ஆகியும் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போகல?"

"விட்டுட்டேன்."

அவள் முகம் மாறியது. தோட்டத்தில் ஓர் ஆண் வேலை நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் ஆண்கள் நின்று அவள் பார்த்ததெல்லாம் குழி வெட்டுவதற்காகத்தான்.

"எம்புள்ள பொழைக்காதுன்னு முடிவு கட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். சத்தம் போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"பொழைக்கும்னுதான்டி வீட்டுல நிக்கிறேன்."

அவள் நம்பவில்லை. நகர்ந்து வந்து, என் கம்பளியை விலக்கி, பிள்ளையின் முதுகில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.

ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், அவனைச் சுமந்தேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லாத நேரம் அவள், மற்ற நேரமெல்லாம் நான். உட்கார்ந்தே தூங்கினேன். ஒரு கையால் ரொட்டி தட்டினேன். ஊரூராகச் சுற்றிய காலுக்கு ஒரே அறையில் கிடப்பது பெரிய தண்டனையாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாலு நாள் அப்படித்தான் இருந்தது. அதன்பிறகு அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதே ஒரு பயணம்போல ஆகிவிட்டது. மதியம் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு நான் போனால் பெண்கள் விடமாட்டார்கள்.

"என்ன வீரய்யாண்ணே, பால் ஊறிருச்சா?"

"ஊறாம என்ன, நேத்து ராத்திரி ஒரு போத்தல்."

"அப்ப எம்புள்ளைக்கும் கொஞ்சம் கொடுங்க. நான் கொஞ்சம் தூங்குறேன்."

கேலிதான். ஆனால் போகும்போது என் வாளியையும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

மூன்றாவது கிழமையில் சுப்பையா வந்தான். உட்காராமல் நின்றான். கங்காணி வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டையும். அதைச் சொல்ல ராகலை டவுன் பேக்கரியில் பாண் வாங்கி வந்திருந்தான். எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். பாணைச் சாப்பிட்டோம். டிரையரில் அவன் விடுகிற பிழைகளை ஒவ்வொன்றாகக் கேட்டான், சொன்னேன்.

பிறகு நான் அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பவே இல்லை. மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போனேன். தொழிற்சாலையில் நின்றவன் மண்வெட்டியோடு பெரட்டுக்கு வருவது இறக்கம்தான். ஆனால் ஆண்களுக்குக் கணக்கு வேலை. வெட்ட வேண்டியதை வெட்டி முடித்தால் பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்காகத்தான் கேட்டு வாங்கினேன். இரண்டு வருடம் கழித்துத்தான் வேறு தோட்டத்தில் மறுபடி டிரையர் முன் நின்றேன். என்னைப்போல நீங்களும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டில் வேறு நெஞ்சு இருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். தொழில் பழகப் பழகக் கை காய்க்கும். எல்லோரும் அந்தக் கையைப் புகழ்வார்கள். வீட்டுக்குப் போகும்போது அதே கையை நம்பிவிடாதீர்கள்.

அந்த ஆறாவது கிழமைக்கு வருகிறேன். மருத்துவச்சியம்மா பிள்ளையை ஏந்திப் பார்த்தார்.

"நிறுத்துத்தான் பாக்கணும். சந்தோஷத்துல எங்கை பொய் சொல்லும்."

மருந்துக் காம்பராவின் தராசு இரண்டு மைல் கீழே. அந்தக் குளிரில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார். லயத்துக்குக் கீழேயே கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்தது. பகல் நிறுவைக்கு நேரமாகியிருந்தது. வெயிலும் இருந்தது. மாரியாயியும் நானும் இறங்கிப் போனோம். கொழுந்துச் சாக்குகளோடு முப்பது நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"வீரய்யாண்ணன் கொழுந்து கொண்டாந்திருக்காருடி."

"ஆறு வாரமா ஆஞ்சது இவ்வளவுதானா?"

கணக்கப்பிள்ளை தராசின் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றார். சிரிக்காத மனிதர். "இங்க கொழுந்து மட்டுந்தான் நிறுக்கிறது" என்றார்.

"இதும் கொழுந்துதாங்க. இன்னும் இலைகூட விடல" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்றவள். சாக்கை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்கு இடம் விட்டாள்.

அவர் தராசை விட்டு ஓரடி விலகினார். சேலைத் துணியைத் தூளிபோல முடிந்து கொக்கியில் மாட்டினோம். கையை எடுக்கும்போது என் நெஞ்சு வெறுமையாக, குளிராக இருந்தது. முள் ஆடி ஆடி நின்றது. ஐந்தே முக்கால்.

பெண்கள் ஆரவாரம் செய்யத் தொடங்கினார்கள். கணக்கப்பிள்ளை பழக்க தோஷத்தில் சொன்னார்: "துணிக்கு ரெண்டு றாத்தல் கழிவு."

நாள்தோறும் ஒவ்வொருத்தியின் கொழுந்திலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று அவர் கழிக்கிற கழிவு அது. இரண்டு போனால் பிள்ளை மூன்றே முக்கால். ஆறு கிழமையும் வீண். மாரியாயி அவர் முன்னால் போய் நின்றாள். அதுவரை எந்தப் பெண்ணும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

"மழ பேஞ்சாலும் கழிக்கிறீங்க, வெயிலடிச்சாலும் கழிக்கிறீங்க. இதுலயும் கழிப்பீங்களா? துணியத் தனியா நிறுங்க."

பிள்ளையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். வெறும் துணி கொக்கியில் தொங்கியது. நாற்பது பெண்களும் முள்ளைப் பார்த்தார்கள். அது அரை றாத்தலில் நின்றது. அதற்கு மேல் போகவே இல்லை.

கணக்கப்பிள்ளை குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு தினமும் நிறையைக் கூப்பிடும் அதே குரலில், மலை முழுவதும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்: "அஞ்சே கால்." குரலைத் தணித்து, "ஆனா அஞ்சே கால் றாத்தலுக்கு அரைப் பேர்கூட போட முடியாதும்மா" என்றார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அவர் சொன்ன பகிடி அந்த ஒன்றுதான். மறுநாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தங்கள் சாக்கையும் தனியாக நிறுக்கச் சொன்னதும், அதனால் வந்த சச்சரவும் தனிக் கதை.

லயத்துக்குத் திரும்பும் வழி தொழிற்சாலையின் பின்புறமாக ஏறும். பாதி ஏறியதும் என் கால் நின்றது. தேயிலை வாசத்தில் ஒரு கசப்பு. சூடு ஏறிவிட்டது, இன்னும் ஐந்து நிமிடம் போனால் கருகும். டிரையர் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது.

"சுப்பையா, நெருப்ப இழு" என்று கத்தினேன்.

உள்ளே இரும்புக் கதவு திறக்கும் சத்தமும் கட்டைகள் சரியும் சத்தமும் கேட்டன. பிறகு வியர்த்த முகத்தோடு அவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "நல்ல வேளை. உள்ள வாயேன், ஒருக்கா கைய வச்சுப் பாத்துட்டுப் போ."

ஜன்னல் வழியே வந்த வெப்பம் முகத்தில் பட்டது. நன்றாக இருந்தது. இரண்டடி மேலே ஏறியிருந்த மாரியாயி திரும்பிப் பார்த்தாள். கம்பளிக்குள் பிள்ளை புரண்டு, காலால் என் விலாவை உதைத்தான். அப்படி அவன் உதைத்தது அதுதான் முதல் தடவை.

"புள்ள முழிச்சிட்டான், பசிக்கும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.